மூன்றாம் எழுத்தின் நயம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டில், பகலை மரப்பொந்துக்குள் கழித்துவிட்டு இருட்டியதும் கிளைகளில் உலவ வரும் ஓர் எழிலார்ந்த சிற்றுயிர் உண்டு. அறிவியல் பெயர் பிளாட்டகாந்தோமிஸ். செம்பழுப்பு முதுகு, மிருதுவான ரோமத்தினூடே தட்டையான முட்கள், வால் நுனியில் வெளிறிய குஞ்சம். ஓர் எலிக்கு இத்தனை அலங்காரமா!

அதன் கடைவாய்ப் பல்லை உருப்பெருக்கியில் ஒருமுறை பார்க்க வேண்டும். சாய்வாக, வரிசை குலையாமல் ஓடும் மெல்லிய வரப்புகள். ஐரோப்பிய டார்மவுஸ் என்னும் கொறிணியின் பல்லிலும் கிட்டத்தட்ட இதே வேலைப்பாடு. 1859இல் விலங்கியலாளர் எட்வர்ட் பிளைத் இவ்வுயிரை விவரித்தபின் நெடுங்காலம் பலரும் இதை டார்மவுஸின் உறவென்றே கொண்டார்கள். குறைசொல்ல மனம் வரவில்லை. அந்த அழகு யாரையும் மயக்கும். டார்மவுஸுக்கு உள்ள முன்கடைவாய்ப் பல் இதற்கு இல்லாததைக் கண்டு ஐயுற்றவர்களும் இருந்தார்கள். பல் தீனிக்கேற்ப வடிவெடுப்பது. தூரத்துக் குலங்களிலும் ஒரே கோலம் தோன்றிவிடும்.

ஆகவே உறவை அறியப் பல் மட்டும் போதாது; டி.என்.ஏ.வைப் படிக்க வேண்டும். அதன் நுட்பம் வேறிடத்தில் ஒளிந்திருக்கிறது. மூன்று மூன்று எழுத்தாக அது புரதத்தின் அமினோ அமிலங்களைச் சொல்லிச் செல்கிறது. கிளைசினைப் பாருங்கள்: முதலிரண்டும் ‘ஜி’யாக இருந்தால் போதும். மூன்றாவது ஏ, சி, ஜி, டி எதுவானாலும் கிளைசின்தான். அங்கே நேரும் மாற்றத்தால் புரதம் மாறுவதில்லை. இயற்கைத் தேர்வும் அநேகமாக அதைச் சட்டை செய்வதில்லை. ஓசையின்றித் தங்கி, தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகிறது அந்த மாற்றம். ஒரே பிழையைச் சுமக்கும் இரு ஓலைச்சுவடிகளை ஒரு தாய்ச் சுவடியின் பிள்ளைகளென்று பதிப்பாசிரியர் கண்டுகொள்வாரே, அதே கூர்மைதான் இங்கும். ஓரெழுத்து தற்செயலாக ஒத்துப்போகலாம். பல எழுத்துகள் சேர்ந்து ஒரே உறவைச் சுட்டும்போது சந்தேகம் கரைந்துவிடுகிறது. வயிற்றுப்பாட்டுக்கு உதவாத எழுத்தில் வம்சாவளி பத்திரமாக இருப்பது எவ்வளவு இனிமை!

2009இல் ஆய்வாளர் ஷாரன் ஜான்சா குழுவினர் பிளாட்டகாந்தோமிஸின் நெருங்கிய சொந்தமான டைஃப்ளோமிஸின் மரபணு எழுத்துகளை மற்றக் கொறிணிகளோடு ஒப்பிட்டார்கள். எலி, சுண்டெலி, ஹாம்ஸ்டர் எல்லாம் அடங்கிய பெருங்குலத்தில், மற்ற எல்லாவற்றுக்கும் முன்பே பிரிந்த கிளை இது என்று தெரிந்தது. பாலூட்டி இனங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அந்தப் பெருங்குலத்தைச் சேர்ந்தவை. அதன் மிக மூத்த இக்கிளையில் இன்று உயிரோடிருப்பவை இரண்டே பேரினங்கள்: தென்சீனத்திலும் வியட்நாமிலும் டைஃப்ளோமிஸ், மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் பிளாட்டகாந்தோமிஸ்.