பண்ணைப்புரத்து மெட்டும் மேனாட்டு வயலினும்

மேனாட்டு இசை நம் நாட்டார் பாடலைக் கெடுத்துவிட்டது என்போர், 1976இல் வெளிவந்த 'அன்னக்கிளி'யைச் சான்று காட்டுவதுண்டு. யாம் அதற்கு உடன்படோம். பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, தமையனார் பாவலர் வரதராஜனுடன் பொதுவுடைமை மேடைகளில் ஊர் ஊராகப் பாடித் திரிந்தவர். பின்னரே சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசை பயின்றார். 2025 மார்ச் 8இல் இலண்டனில் சிம்பொனி அரங்கேற்றும் அளவுக்கு வளர்ந்த அக்கல்வி, மண்ணின் மெட்டை அழிக்கவில்லை. அதற்குத் துணைக்குரல்களைத் தந்தது.

இழப்பு வேறிடத்தில் நேர்ந்தது. நடவுப் பாட்டு நடவு முடியும்வரை நீளும்; பாடுகிறவள் தன் வீட்டுத் துயரையும் ஓரடியாகச் சேர்த்துவிடுவாள். இசைத்தட்டோ சில நிமிடங்களில் முடிவது. அதில் எவரும் அடி சேர்க்கவியலாது. கலியாண வீட்டு ஒலிபெருக்கி அதனை ஊருக்குள் கொண்டுவந்தபின், பாடியவள் கேட்பவளானாள்.