கால யந்திரமும் கேபிள் கம்பியும்

வெகுசனக் கலைகளைப் பற்றி ஆராய முற்படுவோரிடையே இருவகைத் தவறுகள் நேர்வதை நாம் அடிக்கடி காண்கிறோம். சனங்கள் விரும்புவன யாவும் தரங்குறைந்தவை என ஒதுக்கிவிடுவது ஒன்று. சனங்கள் விரும்புகின்றனர் என்ற ஒரே காரணத்தால் அவற்றை ஆராயாது ஏற்றுக்கொள்வது மற்றொன்று. முன்னையது பண்டிதரின் தவறு. பின்னையது வியாபாரியின் தவறு. இருவரும் ஒருவரையொருவர் பழித்துக்கொண்டாலும் ஒரு விடயத்தில் ஒற்றுமையுடையவர்கள். குறித்த ஒரு கலைப்படைப்பு அதைப் பார்ப்பவர் மனத்திலே என்ன செய்கின்றது என்ற வினாவை இருவருமே எழுப்புவதில்லை.

அவ்வினாவை எழுப்புதற்கு ஏற்ற உதாரணம் ஒன்று கனடா நாட்டில் உண்டு. 1988ஆம் ஆண்டு செப்டெம்பர் 1ஆம் திகதி, சிறுவர்க்கும் இளைஞர்க்குமென வை.ரி.வி. என்னும் கேபிள் தொலைக்காட்சி அங்கு ஒளிபரப்பை ஆரம்பித்தது. 1990களில் அது, பிரித்தானியாவிலிருந்து தருவிக்கப்பட்ட 'டொக்டர் ஹூ' என்னும் விஞ்ஞானக் கற்பனைத் தொடரைக் கனேடிய இளைஞர்களுக்கு வழங்கியது. மேலோட்டமாகப் பார்ப்போர்க்கு இது ஒரு சிறு செய்தி. அயல்நாட்டுப் பழைய தொடரொன்றை உள்நாட்டு நிலையமொன்று மறுபடி காட்டியது, அவ்வளவே. ஆனால் அத்தொடர் கனடாவுக்கு வந்து சேர்ந்த வழிகளை ஒப்புநோக்குங்கால், பொதுச் சாதனங்கள் இளந்தலைமுறைக்கு எவ்விதம் கடமைப்பட்டுள்ளன என்ற பெரும் பிரச்சினை நம் முன் எழுகின்றது.

முதலில் தொடரைப் பற்றிச் சில வார்த்தைகள். 1963 நவம்பர் 23ஆம் திகதி பி.பி.சி.யில் ஆரம்பித்த 'டொக்டர் ஹூ', 1989 டிசெம்பர் 6ஆம் திகதிவரை இருபத்தாறு பருவங்களாக, ஏறத்தாழ 700 அத்தியாயங்கள் ஓடியது. காலத்தையும் அண்டவெளியையும் கடந்து திரியும் ஒரு நாடோடி அறிஞனே கதாநாயகன். அவனுடைய கால யந்திரம் வெளித்தோற்றத்தில் இலண்டன் வீதியோரத்துப் பொலிஸ் தொலைபேசிக் கூண்டு. உடல் தளர்ந்து மடியும் நிலை வரும்போது அவன் புதிய உருவம் கொள்வான். நடிகர் மாறினாலும் பாத்திரம் தொடர்வதற்கு இவ்வுத்தி வழி செய்தது. அந்த இருபத்தாறு ஆண்டுகளில் எழுவர் அப்பாத்திரத்தை ஏற்றனர்.

இத்தொடரை முழுக்கவும் அந்நியச் சரக்கு என்று கனேடியர் சொல்லிவிட முடியாது. இதன் கருவை உருவாக்கியவர்களுள் முதன்மையானவரும் அக்காலத்தில் பி.பி.சி. நாடகப் பகுதியின் தலைவராக இருந்தவருமான சிட்னி நியூமன் ரொறன்ரோவிலே பிறந்தவர். முதல் தயாரிப்பாளர் வெரிற்றி லம்பேர்ட், ஆண்களே கோலோச்சிய ஒரு துறையில் நுழைந்த இளம் பெண். முதற் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் இந்தியாவின் லக்னோவிலே பிறந்தவர். ஆக, இத்தொடரின் பிறப்பிலேயே பிரித்தானிய நிறுவனமொன்றின் வாசலில் வெளியே நின்றவர்களின் கை இருந்தது. அதன் சிறந்த கதைகளில் அக்கையின் அடையாளம் தெரிகின்றது என்பது நமது கருத்து. தம் இனமல்லாத யாவரையும் அழிப்பதே இலட்சியமாகக் கொண்ட 'டாலெக்' என்னும் பகைவர் நாற்சியத்தின் சாயலில் அமைக்கப்பட்டவர். 1972இல் வந்த 'த மியூற்றன்ற்ஸ்', சுதந்திரத்தின் வாயிலில் நிற்கும் ஒரு குடியேற்ற நாட்டையும் அதை விட மனமில்லாத ஆட்சியாளரையும் பற்றியது. 1973இல் வந்த 'த கிறீன் டெத்', வேல்ஸ் நாட்டின் நிலக்கரிச் சுரங்கக் கிராமம் ஒன்றில் பெருங்கம்பனியின் நச்சுக்கழிவு விளைத்த கேட்டைச் சொல்லிற்று. அட்டையாலும் பசையாலும் செய்த அரக்கர்களைக் கண்டு நகைப்போர் உளர். உருவத்தின் வறுமை உள்ளடக்கத்தின் வறுமையாகாது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

இத்தொடர் கனடாவை அடைந்த முதல் வழி, அரசின் பொது ஒலிபரப்பு நிறுவனமான சி.பி.சி. 1965 ஜனவரியில் தொடங்கி அது முதல் இருபத்தாறு அத்தியாயங்களைக் காட்டியதோடு நிறுத்திக்கொண்டது. பத்தாண்டுக்கு மேற்பட்ட மௌனத்தின் பின், 1976இல் ரி.வி.ஒன்ராறியோ அதனை மீண்டும் கொணர்ந்தது. இது 1970இல் ஒன்ராறியோ மாகாணம் நிறுவிய கல்வித் தொலைக்காட்சி, விளம்பரம் இல்லாதது. கல்விக்கென அமைந்த நிலையம் ஒரு விண்வெளிக் கதையை ஏன் காட்டவேண்டும் என்ற கேள்விக்கு அது தந்த விடை நம் கவனத்திற்குரியது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானம் கற்பித்தவரும் எதிர்காலவியல் அறிஞருமான ஜிம் டேற்றரைக் கொண்டு கதையின் கருத்துக்களை விளக்கச் செய்தது. அவருக்குப் பின், 1970களின் இறுதியிலிருந்து 1981வரை, எழுத்தாளர் ஜூடித் மெரில் அப்பணியை ஏற்றார். வியட்நாம் யுத்தத்தை எதிர்த்து அமெரிக்காவை விட்டு 1968இல் கனடாவுக்கு வந்தவர் அவர். தமது விஞ்ஞானக் கற்பனை நூற்றொகுதியை 1970இல் ரொறன்ரோ பொது நூலகத்துக்கு வழங்கியவர். 'டொக்டர் அல்லாதவர்' என்னும் பொருள்படும் பெயரில், சில நிமிடங்களே நீளும் உரைகளில், கதையின் அடிப்படையான சிந்தனைகளை அவர் ஆராய்ந்தார். சனரஞ்சகக் கதையும் விமரிசனமும் ஒரே திரையில், ஒரே அரைமணியில் இணைந்தன. இதனை ஓர் அரிய முயற்சி என்றே நாம் கொள்கிறோம்.

வை.ரி.வி.யின் வழி வேறு. அது தனியார் நிறுவனம். சந்தாவும் விளம்பரமும் அதன் வருவாய். அதன் பணியை நாம் குறைத்து மதிப்பிட விரும்பவில்லை. ரி.வி.ஒன்ராறியோ ஒரு மாகாணத்துக்குரியது, வை.ரி.வி.யோ நாடு முழுவதும் கேபிள் சென்ற வீடுகளை எட்டியது. பி.பி.சி. புதிய அத்தியாயங்களைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டிருந்த காலத்தில், மூலம் வற்றிய பின்னும் ஒரு புதிய தலைமுறை அத்தொடரை அறிந்துகொள்ள அது வாய்ப்பளித்தது. 1960களின் அத்தியாயங்களில் தொண்ணூற்றுக்கு மேற்பட்டவற்றின் பிரதிகளைப் பி.பி.சி.யே பேணாது அழித்து இழந்துவிட்டது என்பதை எண்ணும்போது, எஞ்சியவற்றை மக்கள் முன் வைத்திருப்பதும் ஒரு தொண்டே.

எனினும் வணிகத் தொலைக்காட்சிக்கென ஒரு தர்க்கம் உண்டு. புதிதாக ஒரு நாடகத்தைத் தயாரிக்கும் செலவில் சிறு பகுதியே பழைய வெளிநாட்டுத் தொடரை வாங்கும் செலவு. பல நூறு அத்தியாயங்கள் உள்ள தொடர் பல நூறு இடைவெளிகளை நிரப்பும். அங்கே கதை ஒரு கதையாக அன்றி, நிரப்பும் பொருளாக மதிக்கப்படுகின்றது. டொக்டர் ஹூவின் அத்தியாயம் பெரும்பாலும் இருபத்தைந்து நிமிடங்கள் கொண்டது; விளம்பரமற்ற நிறுவனத்துக்கென எழுதப்பட்டது. அரைமணி நேரத்தில் மிஞ்சுவது ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில்தான் ஜூடித் மெரில் அமர்ந்து பேசினார். வணிக நிலையத்தில் அதே ஐந்து நிமிடம் விற்பனைக்குரியது. சிந்தனையின் இடத்தைச் சந்தை எடுத்துக்கொள்வதற்கு எவருடைய சூழ்ச்சியும் தேவையில்லை. கடிகாரமும் கணக்குப் புத்தகமும் போதும்.

இவ்வேறுபாடு வெறும் வாதப்பொருளன்று என்பதை ஒரு கதை காட்டிற்று. 1977இல் றொபேர்ட் ஹோம்ஸ் எழுதிய 'த ரலன்ஸ் ஒப் வெங்-சியாங்' தொடரின் மிகச் சிறந்த கதைகளுள் ஒன்றென இரசிகர் பலர் போற்றுவது. விக்டோரியா காலத்து இலண்டன், மூடுபனி, நாடக அரங்கு, நிலத்தடிக் கால்வாய் என அதன் சூழல் திறம்படத் தீட்டப்பட்டிருப்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதில் வரும் சீனர் யார்? கொலைக்கும்பலின் உறுப்பினர், அபினிக்கூடத்தில் கிடப்போர், இளம் பெண்களைக் கவர்ந்து செல்லும் மந்திரவாதி. 1913இல் சாக்ஸ் ரோமர் நாவலாக்கிய பூ மஞ்சுவின் வமிசமே இது. மந்திரவாதியான லி சென் சாங்கின் பாத்திரத்தை ஏற்றவர் ஜோன் பெனற் என்னும் ஆங்கில நடிகர். முகப்பூச்சினால் அவரைச் சீனராக்கினர். சீன வமிசத்து நடிகர்களும் அக்கதையில் உண்டு. பேச்சும் சிந்தனையும் மிகுந்த பாத்திரம் மாத்திரம் அவர்களுக்கில்லை. சாங் உண்மையில் ஏமாற்றப்பட்ட ஓர் எளியவன் என்பதையும், மூலக் கொடியவன் ஐம்பத்தோராம் நூற்றாண்டிலிருந்து தப்பிவந்த போர்க்குற்றவாளி என்பதையும் நாம் மறைக்கவில்லை. ஆயினும் எல்லா அநீதியையும் கேள்விக்குட்படுத்தும் டொக்டர், தம்மைச் சூழ்ந்துள்ள ஆங்கிலேயரின் இனத்துவேஷத்தை இங்கு கேள்விக்குட்படுத்துவதில்லை.

கனடாவில் இது எளிதாகக் கடந்துசெல்லக்கூடிய விடயமன்று. பசிபிக் பெருந்தொடர்ப் பாதையை அமைக்கச் சீனத் தொழிலாளரை ஆயிரக்கணக்கில் வருவித்த அந்நாடு, பாதை முடிந்த 1885ஆம் ஆண்டிலேயே சீனக் குடியேறிகள்மீது ஐம்பது டொலர் தலைவரி விதித்தது. 1903இல் அதனை ஐந்நூறு டொலராக்கியது. 1923இல் சட்டமியற்றிக் கதவை அடைத்தது. அச்சட்டம் 1947வரை நீடித்தது. 1979இல் தனியார் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று, அந்நிய மாணவர் பல்கலைக்கழக இடங்களைப் பறிக்கின்றனர் என்று கூறிச் சீன முகங்களைக் காட்டியது. காட்டப்பட்டவர்களோ பெரும்பாலும் கனேடியப் பிரசைகள். நாடளாவிய எதிர்ப்பின் பின் 1980இல் அந்நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அந்தச் சூட்டிலேதான் வெங்-சியாங் கதையும் வந்தது. சீனக் கனேடியர் ஆட்சேபித்தனர், ரி.வி.ஒன்ராறியோ அக்கதையைத் தன் நிரலிலிருந்து விலக்கியது. பின்னர் 1990களில் வை.ரி.வி. தொடரின் வரிசையில் அதனையும் ஒளிபரப்பியது.

இரு நிலையங்களில் எது செய்தது சரி? விலக்கியதே சரியென்பார் ஒரு சாரார். காட்டியதே சரியென்பார் மறு சாரார். ஆட்சேபித்த மக்களுக்குச் செவிசாய்த்தமையால் கல்வித் தொலைக்காட்சியை நாம் மதிக்கிறோம். பழைய கலையை மூடிவைப்பதால் துவேஷம் மறைந்துவிடாது என்போரின் வாதத்திலும் உண்மை உண்டு. ஆனால் நமது குறை வேறு. விளக்கம் கூறுவதற்கெனவே ஒரு விமரிசகரைத் திரையில் அமர்த்தியிருந்த நிலையம், விளக்கம் மிகவும் வேண்டியிருந்த கதையை விளக்கியன்றோ காட்டியிருக்கவேண்டும்? ஆட்சேபித்தவர்களையே அழைத்து அந்தச் சில நிமிடங்களை அவர்களிடம் கொடுத்திருக்கலாம். பூ மஞ்சு யாருடைய கற்பனை, தலைவரி யாருடைய சட்டம் என்று அவர்கள் இளைஞர்க்குச் சொல்லியிருப்பார்கள். விலக்கியதால் அந்தப் பாடம் நடைபெறவில்லை. கதையை வரிசை எண்ணாக மட்டும் கொள்ளும் வணிக ஒளிபரப்பு முறையிலோ அந்தப் பாடத்துக்கு இடமே இல்லை. முன்னையது நல்லெண்ணத்தின் மௌனம். பின்னையது கவலையின்மையின் மௌனம். இரண்டும் ஒன்றென நாம் கூறமாட்டோம். எனினும் பள்ளிவிட்டு வந்து திரைமுன் அமரும் பிள்ளைக்கு இரண்டிலும் கிடைப்பது மௌனமே.

'அது அக்காலத்து மனப்பாங்கு' என்று சமாதானம் கூறுவோர் உளர். கதை நிகழ்வது பத்தொன்பதாம் நூற்றாண்டில், எழுதப்பட்டது 1977இல். அந்த ஆண்டிலும் இலண்டனில் சீனர் வாழ்ந்தனர். அவர்களுடைய பிள்ளைகளும் தொலைக்காட்சி பார்த்தனர். 'அக்காலம்' என்பதில் அவர்களுக்குப் பங்கில்லையா? அதற்கு ஐந்தாண்டு முன்னரே 'த மியூற்றன்ற்ஸ்' போன்ற கதையை அதே தொடர் படைத்திருந்ததே! காலத்தின் மேல் பழிபோடுவோர், அதே காலத்தில் வேறுவிதமாகச் சிந்தித்தோரை மறந்துவிடுகின்றனர்.

தொலைதூரத்து நாடொன்றின் தொலைக்காட்சியைப் பற்றி நமக்கென்ன என்று வாசகர் கேட்கலாம். 1983க்குப் பின் நம்மவர் ஆயிரக்கணக்கில் ரொறன்ரோவில் குடியேறினர். அவர்களின் பிள்ளைகளும் 1990களில் அதே நகரில், அதே கேபிளின் வீச்சுக்குள் வளர்ந்தவர்கள். மாற்றான் வரைந்த சித்திரத்தில் தன் முகத்தைத் தேடும் பிள்ளையின் நிலை சீனக் குழந்தைக்கு மட்டும் உரியதன்று. இன்று, அகதியைக் கள்ளனாகவும் பயங்கரவாதியாகவும் காட்டும் படங்கள் கேபிளையும் தாண்டி இணையம் வழியே ஒவ்வொரு கையிலும் வந்து சேர்கின்றன. அங்கே நிரலிடுபவன் மனிதனும் அல்லன், கணிப்பொறி.

ஆகவே, இறக்குமதிக் கலையைத் தடைசெய் என்று நாம் கூறவில்லை. டொக்டர் ஹூவைக் கண்டு வளர்ந்த கனேடிய இளைஞர்கள் அதனால் இழந்ததைவிடப் பெற்றது அதிகம் என்றே நம்புகிறோம். அநீதியைக் கண்ட இடத்தில் நின்று கேள்வி கேட்கவேண்டும் என்பது அத்தொடரின் உயிரான போதனை. அதே போதனையைத் தொடரின்மீதே பிரயோகிக்க இளைஞர்க்குக் கற்பிக்கவேண்டும் என்பதே நமது கோரிக்கை. அதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. கதைக்குப் பின் ஐந்து நிமிடமும், அதில் பேசத் தகுந்த ஒருவரும் போதும். 1970களில் ஒரு மாகாணத் தொலைக்காட்சிக்கு இயன்ற காரியம் இது. அதன்பின் வந்த நிலையங்கள், வசதி குறைந்ததால் இதனைக் கைவிடவில்லை. அந்த ஐந்து நிமிடத்துக்கு விலை கிடைத்தது, ஆதலால் கைவிட்டன.