உராய்வுக்கு ஒரே எண் போதுமா?

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் ஒரு தேநீர்க் கடை முன் நிற்பதாக எண்ணிக் கொள்ளுங்கள். கையில் எவர்சில்வர் டம்ளர். எதிரே ஒரு பேருந்து பிரேக் பிடித்தபடி இறங்குகிறது. இரண்டிலும் உராய்வு இருக்கிறது. ஆனால் நம் பாடநூல்கள் பேருந்துக்கு உரிய விதியை மட்டும் கற்பித்துவிட்டு, டம்ளருக்கும் அதுவே போதும் என்று நம்ப வைத்துவிடுகின்றன. இது சிறிய குறையன்று.

விதி நீங்கள் அறிந்ததே. உராய்வு விசை, அழுத்தும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். தொடும் பரப்பைச் சாராது. 1699-இல் அமான்டன்சும் 1785-இல் கூலும்பும் வகுத்தது. இரு விசைகளின் தகவுதான் உராய்வுக் குணகம். பிரேக்குக்கு இது ஏறக்குறையப் பொருந்தும். வழவழப்பாகத் தோன்றும் பரப்புகளும் உண்மையில் மேடுகளின் நுனிகளில் மட்டுமே தொடுகின்றன. அழுத்தம் கூடினால் தொடும் நுனிகள் கூடும், உராய்வும் கூடும்.

உலோகத்தை உருமாற்றும்போது நிலைமை வேறு. போல்ட்டுக்குத் தலை அடிக்கும்போது மேடுகள் எல்லாம் நசுங்கி, ஏறக்குறைய முழுப் பரப்புமே தொட்டுவிடுகிறது. அதற்குமேல் உராய்வு எப்படிக் கூடும்? பரப்பு ஒட்டிக்கொண்டு, உலோகத்தின் உட்பகுதிதான் சறுக்கிப் பெயரும். உலோகம் நிலையாக உருமாறத் தொடங்கும் தகைவுக்கு அழுத்தம் சமமாக இருந்தால், குணகம் சுமார் 0.577-ஐத் தாண்ட முடியாது. அழுத்தம் அதைப்போல் மும்மடங்கானால் வரம்பு 0.19 ஆகிவிடும். மாறிலி என்று நாம் மனப்பாடம் செய்த எண்ணின் கதி இது!

டம்ளருக்கு வருவோம். வட்டத் தகட்டை டையின் மேல் வைத்து, விளிம்பை அழுத்திப் பிடித்து, நடுவில் பஞ்சை இறக்குகிறார்கள். அனுபவமுள்ள பட்டறைக்காரர் டை பக்கம் எண்ணெய் பூசுவார், அல்லது பாலிதீன் தாள் வைப்பார். பஞ்ச் பக்கம் பூசமாட்டார். பூசினால் தகடு பஞ்சின் முனையில் நழுவி, மெலிந்து, அடிப்பக்கம் கிழியும். ஒரே தகட்டின் ஒரு பக்கத்தில் உராய்வு பகை, மறுபக்கத்தில் துணை. கணிப்பொறியில் இரு பக்கத்துக்கும் 0.1 என்று எழுதிவிட்டு விடைக்காகக் காத்திருக்கும் மாணவர், இந்தப் பட்டறைக்காரரிடம் ஒரு நாள் நிற்பது நல்லது. (தகட்டை உருவாக்கும் ஆலையிலும் இதே கதைதான். சேலம் உருக்காலை போன்ற இடங்களில், உராய்வே இல்லாவிட்டால் உருளைகள் தகட்டை உள்ளே இழுக்கா.)

எண்ணெயும் ஒரே நிலையில் இருப்பதில்லை. சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள இந்த ஊரில் தேங்காயெண்ணெய் பாட்டிலில் உறைந்து கிடக்கிறது. அதே பாட்டில் வத்தலக்குண்டில் உருகிவிடும். வெப்பம் ஏறினால் எண்ணெயின் பாகுநிலை குறையும், அழுத்தம் ஏறினால் கூடும். பாகுநிலை, வேகம், சுமை ஆகியவற்றுக்கு ஏற்பத் தாங்கிகளில் உராய்வு மாறுவதை ஸ்ட்ரிபெக் 1902-இலேயே அளந்து காட்டினார். அப்படியிருக்க, பஞ்ச் ஒருமுறை இறங்கி ஏறுவதற்குள்ளேயே குணகம் மாறாதா?

அளக்க வழியில்லாமல் இல்லை. உலோக வளையத்தை நசுக்கிப் பார்க்கும் முறையை மேல், காக்ராஃப்ட் என்ற இருவர் 1960களின் நடுவில் செப்பம் செய்தார்கள். நீங்களும் களிமண்ணில் செய்யலாம். வெளிவிட்டம் 60, உள்விட்டம் 30, உயரம் 20 மில்லிமீட்டர் அளவில் இரண்டு வளையங்கள் செய்யுங்கள். ஒன்றை எண்ணெய் தடவிய கண்ணாடிகளுக்கு இடையிலும், மற்றதை உப்புத்தாள்களுக்கு இடையிலும் வைத்துப் பாதி உயரத்துக்கு அழுத்துங்கள். எண்ணெய்ப் பக்கம் துளை அகலும். உப்புத்தாள் பக்கம் சுருங்கும். துளையின் மாற்றத்திலிருந்து குணகத்தைக் கணக்கிடலாம். ஆனால் அது வளையத்தின் குணகம். டம்ளர் அச்சின் வேகமும் வெப்பமும் அதில் இல்லை.