சிம்பலை ஆட விடுங்கள்

டிரம்ஸில் தாளத்தை ஓட்டிச்செல்லும் நல்ல ரைடு சிம்பலில் இரண்டு ஒலிகள் உண்டு. குச்சியின் நுனி பட்டதும் எழும் ‘டிங்’ ஒன்று. அடிகள் விழ விழ அதன் கீழே திரண்டு வரும் ரீங்காரம் இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று விழுங்காமல் காதில் விழ வேண்டும். நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டு ஜாஸ் கிளப்பில் 1966 முதல் திங்கள் இரவுகளில் பெரிய ஜாஸ் குழுவோடு வாசித்த டிரம்மர் மெல் லூயிஸின் பதிவுகளைக் கேட்டால் இது உடனே பிடிபடும். அவர் விரும்பி வாசித்தவை இஸ்தான்புல்லில் செய்யப்பட்ட பழைய ‘கே ஸில்ட்ஜியன்’ தட்டுகள். குழு மொத்தமும் சேர்ந்து ஊதும்போதும், டிரம்மர்கள் ‘டார்க்’ என்று சொல்லும் அந்தக் கனிந்த நாதம் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்த நாதத்தை ரசிக்கத் தெரிந்தவர் கையில்தான் சிம்பல் நெடுநாள் வாழும் என்பது என் உறுதியான எண்ணம். தட்டு எவ்வளவு தடையில்லாமல் ஆடுகிறதோ அவ்வளவு நன்றாகப் பாடும். ஆட விடாமல் பிடித்து வைத்தால் முதலில் கார்வை போகும், பிறகு உலோகமே போகும்.

அந்த உலோகத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். நூற்றுக்கு 80 பங்கு செம்பு, 20 பங்கு தகரம். இவ்வளவு தகரம் சேர்ந்த வெண்கலம் மணிபோல ஒலிக்கும். கூடவே எளிதில் உடையவும் செய்யும். பச்சையாக வைத்து அடித்தால் பிளந்துவிடும். அதனால் வார்த்த வில்லையைப் பழுக்கக் காய்ச்சி, சூட்டோடு உருளையில் கொடுத்துத் தகடாக்குகிறார்கள். பின்பு மறுபடி காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கிறார்கள். எஃகைத் தோய்த்தால் இறுகும். இந்த வெண்கலம் தோய்த்தால்தான் உடையும் குணம் தணிந்து சுத்தியலுக்கு இடம் கொடுக்கும். இந்த வித்தை நம் மண்ணுக்கும் புதிதல்ல. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் கிடைத்த பழைய வெண்கலப் பாத்திரங்கள் சிலவும் தகரம் மிகுந்த கலவையைச் சூட்டில் தட்டி, தோய்த்துச் செய்தவையே.

இஸ்தான்புல்லில் இந்தத் தொழிலை நிலைநாட்டியது ஆர்மீனியரான ஸில்ட்ஜியன் குடும்பம். 1623ஐத் தங்கள் பட்டறையின் தொடக்க ஆண்டாகச் சொல்கிறார்கள். குடும்பத்தின் ஒரு கிளை அமெரிக்காவில் 1929இல் தொழில் தொடங்கியது. இஸ்தான்புல் பட்டறை 1970களின் பிற்பகுதியில் மூடப்பட்டது. அங்கே வேலை பழகிய அகோப், மெஹ்மெத் இருவரும் அடுத்த சில ஆண்டுகளில் சொந்த உலை போட்டு அந்தக் கைவேலையைக் காப்பாற்றினார்கள். ஆனாலும் பழைய ‘கே’ தட்டுகள் இனிப் பிறக்கப் போவதில்லை. ஒன்றைப்போல் ஒன்று ஒலிக்காத அவற்றில் ஒன்று விரிசல் விட்டால், அந்தக் குரல் அதோடு போயிற்று.

சிம்பலுக்கு முதல் ஆபத்து குச்சியால் வருவதில்லை, ஸ்டாண்டால் வருகிறது. தட்டின் நடுத்துளை வழியாக ஸ்டாண்டின் மரைத் தண்டு போகிறது. அந்தத் தண்டின் மேல் ஒரு சின்ன நைலான் குழாய் மாட்டியிருக்க வேண்டும், ஸ்லீவ் என்பார்கள். சில ரூபாய்ப் பொருள். அது தேய்ந்து கிழிந்ததைக் கவனிக்காமல் விட்டால், ஒவ்வொரு அடிக்கும் வெண்கலம் இரும்பு மரையில் உரசும். வட்டத்துளை ஒரு பக்கமாக அரிபட்டுச் சாவித்துளைபோல நீளும். அப்புறம் தட்டு நடுவில் உட்காராது. ஒரே பக்கம் சாய்ந்து, அந்தப் பக்கத்தையே மேலும் மேலும் தின்னும். தட்டுக்கு அடியில் இருக்கும் மெத்தென்ற ஃபெல்ட் வளையமும் நாளாக நாளாகச் சப்பிப்போய், அதைத் தாங்கும் உலோக வளையத்தின் மேலேயே தட்டின் நடுவே மேடாக இருக்கும் குமிழ் உட்கார்ந்துவிடும். இரண்டையும் அவ்வப்போது மாற்றுவதைவிடச் சிம்பலுக்குச் செய்யும் பெரிய உபசாரம் வேறில்லை.

அடுத்தது மேலே போடும் விங் நட். தட்டு ஆடாமல் நிற்க வேண்டும் என்று இதைப் பலர் இறுக்கித் திருகுகிறார்கள். நாகசுரக் கச்சேரியில் தாளம் போடுபவரைப் பாருங்கள். குமிழின் துளையில் கோத்த கயிற்றை மட்டும் பிடித்திருப்பார். விரல் உலோகத்தில் பட்டால் நாதம் செத்துவிடும் என்று அவருக்குத் தெரியும். கயிறு துளையையும் அரிக்காது. டிரம்ஸ் ஸ்டாண்டிலும் அதுவே நியாயம். நட் கழன்று விழாத அளவுக்குப் பிடித்தால் போதும். இறுக்கிய தட்டு அடியின் வேகத்தை அசைவாக மாற்ற முடியாமல் குமிழோரத்திலும் விளிம்பிலும் வாங்கிக்கொள்கிறது. அங்கேதான் விரிசல் தொடங்கும்.

அடிக்கும் விதத்துக்கும் இதே கணக்குத்தான். அழுத்த அடிகளுக்கான கிராஷ் சிம்பலின் விளிம்பு ஒரு மில்லிமீட்டர் கனத்தை ஒட்டியே இருக்கும். அதைச் செங்குத்தாக வெட்டுவதுபோல் அடிப்பவர் வருடத்துக்கு ஒரு தட்டு வாங்க வேண்டியதுதான். தேர்ந்த கை, குச்சியின் தோள்பகுதியால் விளிம்பைத் தொட்டு, பக்கவாட்டில் வழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். தட்டு லேசாக வாசிப்பவர் பக்கம் சாய்ந்திருந்தால் இது தானாக வரும். கிடைமட்டமாக உயரத்தில் வைத்தால் குச்சி விளிம்பின் முனையிலேயே மோதும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் வித்தியாசம் தெரியும். வழித்த அடியில் ஒலி மலர்ந்து அடங்கும். வெட்டிய அடியில் ‘சடக்’கென்று தொடங்கி மூச்சுமுட்டும்.

விரிசலைக் கண்ணைவிட நகம் முதலில் கண்டுபிடிக்கும். விளிம்பைச் சுற்றி நகத்தை மெதுவாக ஓட்டினால், மயிரிழை வெட்டு இருக்கும் இடத்தில் தட்டும். சந்தேகம் என்றால் அந்த இடத்துக்கு அருகில் விரலால் சுண்டிக் கேளுங்கள். காகிதம் அதிர்வதுபோல ஒரு கரகரப்பு வரும். விளிம்பில் பிறந்த விரிசல் உள்ளே போய், பல சமயம் தட்டைக் கடைந்தபோது விழுந்த கடைசல் வரியோடு திரும்பி வட்டமாக ஓடத் தொடங்கும். அதன் முனைக்குச் சற்று அப்பால் சிறு துளை போட்டு நிறுத்துவது, விரிந்த பகுதியை அரைவட்டமாக வெட்டி எடுப்பது என்று இரண்டு வைத்தியம் உண்டு. தட்டு பிழைக்கும், பழைய குரல் முழுதாக வராது. பற்றவைக்க மட்டும் கொண்டுபோகாதீர்கள். அந்தச் சூட்டில், தோய்த்துக் கிடைத்த பக்குவம் அந்த இடத்தில் குலைந்துவிடும்.

பயணத்தில் தட்டுகளுக்கு நடுவே துணி இருக்கட்டும், பையை விளிம்பின் மேல் ‘தொம்’மென்று நிறுத்தாதீர்கள். அவ்வளவுதான்.

துலக்குவதில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். வெண்கலம் கறுத்தால் புளி போட்டுத் தேய்ப்பது நம் கைப்பழக்கம். பாத்திரத்துக்கு அது சரி. சிம்பலில் படிந்த பழுப்பு உச்சஸ்தாயியின் கூர்மையைக் கொஞ்சம் மழுக்கி ஒலியைக் கனிய வைக்கிறது என்பது பல டிரம்மர்களின் நம்பிக்கை; என் காதும் அதை ஆமோதிக்கிறது. புளியும் எலுமிச்சையும் அந்தப் பழுப்பை ஒரே நாளில் உரித்துவிடும், அச்சிட்ட முத்திரையும் மங்கிவிடும். இயந்திரச் சக்கரத்தில் கொடுத்துப் பளபளப்பாக்குவது இன்னும் கொடுமை. கடைசல் வரிகள் மழுங்கும், உராய்வில் தட்டு சூடேறும். வியர்வையால் வரும் பச்சைக் களிம்பு வேறு சங்கதி. அதைப் படிய விடக்கூடாது. வாசித்து முடித்ததும் உலர்ந்த மெல்லிய துணியால், குறுக்கே தேய்க்காமல், வரியோடு வட்டமாகத் துடையுங்கள். பிசுக்கு இருந்தால் வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு சோப்புக் கரைசல் விட்டுக் கழுவி, உடனே ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். வேறு எதுவும் வேண்டியதில்லை.