வேல் கொடுக்கப்பட்ட சிறுவன்

புறநானூற்றின் 279ஆம் பாடலை நாம் உயர்நிலைப் பள்ளியில் பயின்றோம். ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. முந்தைய போர்களில் வீட்டு ஆண்மக்களைப் பறிகொடுத்த பெண்ணொருத்தி, மீண்டும் போர்ப்பறை கேட்டதும், எஞ்சியிருக்கும் ஒரே மகனை அழைத்து, வெள்ளாடை உடுத்தி, குடுமியில் எண்ணெய் தடவி, கையில் வேல் கொடுத்துக் களத்துக்கு அனுப்புகிறாள். தமிழாசிரியர் கண்கலங்கப் பாடம் நடத்தினார். நாம் எழுதிய பாராட்டுரைக்குப் பத்துக்கு எட்டு மதிப்பெண் கிடைத்தது. குருவான பின்னர் ஒருமுறை, தாய்மையின் தியாகம் பற்றிய மறையுரையில் இப்பாடலை எடுத்துக்காட்டியும் பேசினோம். அப்பாடலில் அச்சிறுவன் ஒரு சொல்கூடப் பேசவில்லை என்பது அண்மையில்தான் நம் கண்ணில் பட்டது.

நாம் அப்பாடலைப் பயின்றது 1983 கலவரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில். கோவைச் சுவர்களிலெல்லாம் ஈழத்துச் சுவரொட்டிகள். நம் கொங்கு மண்ணிலேயே, மேட்டூரை அடுத்த கொளத்தூரில் விடுதலைப் புலிகளின் பயிற்சி முகாம் இயங்கி வந்தது. சீருடையில் நின்ற இளைஞர் படங்களைப் பார்த்துப் பெருமிதம் கொண்டோமேயன்றி, அவர்களுள் மிக இளையவருக்கு வயதென்ன என்று நாம் கேட்கவில்லை. வயதைக் கேட்பது துரோகம் போலத் தோன்றிய காலம் அது.

இதை இப்போது எழுதக் காரணம், நம் பங்கில் மாதம் ஒருமுறை கூடும் வாசகர் வட்டத்தில் ஷோபாசக்தியின் 'கொரில்லா' நாவலை வாசித்தபோது எழுந்த வாதம். சிறு வயதில் ஆயுதம் ஏந்திக் கொலை செய்தவன் வளர்ந்தபின் நீதிமன்றத்தில் நிற்க வேண்டுமா, பொது மன்னிப்புப் பெற வேண்டுமா? வட்டத்திலிருந்த வழக்கறிஞர் சட்டத்தை எடுத்து வைத்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், "பிள்ளைகளை என்ன செய்யச் சொல்றீங்க சாமி, மன்னிச்சு விட்டுறணும்" என்றார். ஈழத்திலிருந்து வந்து அகதி முகாமில் வாழும் அன்பர் ஒருவரும் அன்று இருந்தார். அவர் வாய் திறக்கவில்லை.

முதலில் செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 2003 முதல் 2008 இறுதி வரை, புலிகள் சிறுவரைப் படையில் சேர்த்த நிகழ்வுகளாக யுனிசெஃப் பதிவு செய்தவை 6,000க்கும் மேல். 1998இல் ஐ.நா. பிரதிநிதி ஒலாரா ஒட்டுன்னு வன்னிக்குச் சென்றபோது, பதினேழு வயதுக்குக் கீழ்ப்பட்டோரைச் சேர்ப்பதில்லை என்று இயக்கம் அளித்த வாக்குறுதி காற்றில் போயிற்று. 2009இல், போரின் கடைசி வாரங்களில், வலைஞர்மடம் மாதா ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த இளையோரையும் இழுத்துச் சென்றார்கள். போர் முடிந்தபின் இலங்கை அரசின் மறுவாழ்வு நிலையங்களில் வைக்கப்பட்ட சிறார் 594 பேர். அவர்களுள் 230 பேர் சிறுமியர். அவர்களைக் குற்றவாளிகளாக அன்று, பாதிக்கப்பட்டோராகவே கருதுவதாக அரசு அறிவித்தது. 2010 மே மாதத்துக்குள் அவர்கள் குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்டனர். அந்த அளவில் அது நல்ல முடிவே. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 2000 அக்டோபரில், பண்டாரவளைக்கருகே பிந்துனுவெவ மறுவாழ்வு நிலையத்தில் இருந்த தமிழ் இளைஞர் இருபதுக்கும் மேற்பட்டோரை ஒரு கும்பல் வெட்டியும் எரித்தும் கொன்றதை நினைத்தால், 'மறுவாழ்வு' என்ற சொல்லை நாம் எளிதில் நம்ப முடியாதுதான்.

சட்டத்தைப் பொறுத்தமட்டில் நமக்குப் பெரிய குழப்பம் இல்லை. பதினாறு வயது நிறைவடையாதவர் தண்டனைக்கு உட்படார் என்கிறது திருச்சபைச் சட்டம் (எண் 1323). பதினாறைக் கடந்த சிறாருக்குத் தண்டனை குறைக்கப்பட வேண்டும் (எண் 1324). பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய 1998ஆம் ஆண்டின் ரோம் சாசனம், குற்றம் நிகழ்ந்தபோது பதினெட்டு வயது நிரம்பாதவர் மீது அந்நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்றது. பதினைந்து வயதுக்குட்பட்டோரைப் படையில் சேர்ப்பவனின் செயலையே போர்க்குற்றம் என்றது. அதன்படி 2012இல் காங்கோவின் தாமஸ் லுபாங்கா பதினான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும், சிறுவரை ஆயுதக் குழுவில் சேர்ப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது. அதே சட்டம்தான், கொடிய குற்றம் செய்த பதினாறு வயதினரைப் பெரியவராகக் கருதி விசாரிக்கவும் வழிவிடுகிறது என்பதை வழக்கறிஞர் நண்பர் சற்றே குறும்புடன் சுட்டிக்காட்டினார்.

இனி நாவலுக்கு வருவோம். 2001இல் வெளிவந்த 'கொரில்லா', பதின்வயதில் இயக்கத்தில் சேர்ந்து 1986இல் வெளியேறிய ஒருவர் எழுதியது. தலைப்பைக் கண்டு போராளியைப் பற்றியது என்று நினைத்துக்கொண்டே நூலைத் திறக்கிறோம். ஆனால் 'கொரில்லா' என்பது சிறுவன் ராக்கிராஜின் தந்தைக்கு ஊரார் வைத்த பட்டப்பெயர். அவர் ஊர்ச் சண்டியர். இயக்கம் கற்பிக்கும் முன்பே அச்சிறுவனுக்கு அடி உதை என்பது வீட்டுப் பாடமாயிற்று. இதை ஆசிரியர் விளக்கிச் சொல்வதில்லை. தலைப்பில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். சிறுவர் படையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரு மாசற்ற குழந்தைப் பருவத்தை வரைந்து, பின் அதைப் போர் கெடுத்தது என்பார்கள். ஷோபாசக்தி அந்த ஆறுதலை நமக்குத் தருவதில்லை.

நம்மை மிகவும் சிந்திக்க வைத்தது நாவலின் தொடக்கம். பிரான்சில் அகதி அந்தஸ்து கோரும் விண்ணப்பமாக அது அமைந்துள்ளது. பணிவான சொற்கள், தேதிகள், கைதுகள், சித்திரவதைகள். ஒரு மனிதன் தன் வாழ்வை ஓர் அதிகாரி முன் ஒப்புவிக்கிறான். குருமடத்தில் பயின்ற நமக்கு அது உடனே பாவ அறிக்கையை நினைவூட்டிற்று. ஆனால் எவ்வளவு தலைகீழான பாவ அறிக்கை! ஒப்புரவு அருட்சாதனத்தில் ஒருவர் தாம் செய்ததைச் சொல்ல வேண்டும். தமக்குப் பிறர் செய்ததை அன்று. இங்கோ, தனக்குச் செய்யப்பட்டதை மட்டுமே சொல்ல முடியும். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை, போர்க்குற்றம் செய்ததாகக் கருத வலுவான காரணமுள்ளவரை விலக்கி வைக்கிறது. அது நியாயமான விதியே. எனினும் அதன் விளைவு என்ன? துப்பாக்கி தூக்கிய சிறுவன் வளர்ந்து அந்த மேசை முன் அமரும்போது, உண்மையில் பாதியை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டியிருக்கிறது. ஷோபாசக்தி நடித்து 2015இல் கான் திரைப்பட விழாவில் உயரிய விருது பெற்ற 'தீபன்' படத்திலும், முன்னாள் போராளி இறந்துபோன ஒருவனின் கடவுச்சீட்டிலேயே பிரான்சுக்குள் நுழைகிறான்.

நீதியா மன்னிப்பா என்ற கேள்வியின் குறை இங்கே புலப்படுகிறது எனலாம். நீதிமன்றம் என்றால் அவன் தன்னைக் காத்துக்கொள்ள வாய் மூடுவான். பொது மன்னிப்பு என்றாலோ, பேச வேண்டிய தேவையே இல்லை என்று நாம் அவன் வாயை மூடுகிறோம். அச்சொல்லின் கிரேக்க வேர், மறத்தல் என்று பொருள்படும். மறதியும் மன்னிப்பும் ஒன்றல்ல என்பதை மறைக்கல்வி வகுப்புச் சிறுவரும் அறிவர். மனத்துயர், அறிக்கை, பரிகாரம் என்ற மூன்றையும் தாண்டிக் குதித்துப் பாவப் பொறுத்தலுக்குச் சென்றுவிட முடியாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் பரிகாரம் கேட்பதா என்று அன்பர்கள் வெகுளலாம். நாம் தண்டனையைச் சொல்லவில்லை. அப்பிள்ளை செய்ததை அதன் வாயால் சொல்லக் கேட்கும் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறோம்.

சியரா லியோன் நாட்டின் இஸ்மாயில் பெயா எழுதிப் புகழ்பெற்ற நினைவுநூலை (2007) இந்த நோக்கில் மீண்டும் வாசித்தோம். பதின்மூன்று வயதில் அரசுப் படையால் சேர்க்கப்பட்டவர். ஃப்ரீடவுனில் மறுவாழ்வு இல்லமொன்றில் எஸ்தர் என்ற செவிலியின் பரிவால் மீண்டவர். குற்றம் உன்னுடையதன்று என்று அவருக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. முதலில் அவருக்கு அது எரிச்சலூட்டுகிறது. அந்த எரிச்சல்தான் நூலின் மிக உண்மையான இடம் என்பது நம் கருத்து. பின்னர் அவர் அதை ஏற்றுக்கொள்வதோடு நூல் இதமான பாதையில் திரும்பிவிடுகிறது. எரிக்கப்பட்ட ஊர்களின் மனிதர் பெயரற்றவராகவே பின்தங்கிவிடுகின்றனர். அவர் எத்தனை ஆண்டுகள் படையில் இருந்தார் என்பது குறித்து 2008இல் ஆஸ்திரேலிய நாளேடு ஒன்று எழுப்பிய சர்ச்சை நமக்கு முக்கியமாகப் படவில்லை.

நீதிமன்றத்தில் நிற்க வேண்டியவர் யார்? சேர்த்தவர், ஏவியவர். இதில் இரு கருத்து இருக்க இடமில்லை. ஆனால் இலங்கையில் நடந்ததைப் பாருங்கள். கிழக்கில் சிறுவரைப் படையில் சேர்த்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட கருணா, 2004இல் இயக்கத்திலிருந்து பிரிந்தார். அவர் அணியும் சிறுவரைச் சேர்ப்பதாக 2006இல் ஐ.நா. தூதர் ஆலன் ராக் குற்றஞ்சாட்டினார். 2008இல் கருணா நாடாளுமன்ற உறுப்பினர். 2009இல் தேசிய ஒருமைப்பாட்டு அமைச்சர். சிறுவர் முள்வேலிக்குள் தையலும் தச்சும் பயின்றபோது அவர் அமைச்சராக இருந்தார். சேர்க்கப்பட்டவனே வளர்ந்து சேர்ப்பவனாகும்போது வழக்கு இன்னும் சிக்கலாகிறது. உகாண்டாவின் டொமினிக் ஓங்வென் ஏறத்தாழ ஒன்பது வயதில் கடத்தப்பட்டவர். 2021இல் பன்னாட்டு நீதிமன்றம் அவருக்கு இருபத்தைந்து ஆண்டுச் சிறை விதித்தது. அவரது இழந்த குழந்தைப் பருவத்தை எண்ணி ஆயுள் தண்டனையைத் தவிர்த்தது. வளர்ந்தபின் செய்தவற்றுக்காக மட்டுமே விசாரித்த அத்தீர்ப்பு சரியென்றே எண்ணுகிறோம், மகிழ்ச்சியின்றி.

வாசகர் வட்டம் கலைந்தபின் அந்த முகாம் அன்பர் மட்டும் தங்கினார். (அவர் சொன்னது பாவ அறிக்கையில் அன்று, தேநீர் அருந்தும்போது, எழுத இசைவும் தந்தார்.) பதினைந்து வயதில் கொண்டுபோகப்பட்டவர். "விசாரிக்க வந்தவை எல்லாருக்கும் ஒரு கதை வச்சிருக்கிறன் ஃபாதர். எல்லாரும் பாவம் எண்டு சொல்லி மன்னிச்சிட்டினம். நான் என்ன செய்தனான் எண்டு தெரியாமல் ஆர் மன்னிச்சது?" என்றார்.

நாம் அவருக்குச் சவுலைப் பற்றிச் சொன்னோம். ஸ்தேவானைக் கல்லெறிந்தோர் தங்கள் மேலுடைகளை ஓர் இளைஞர் காலடியில் வைத்தார்கள் என்கிறது திருத்தூதர் பணிகள் நூல். அவர் கல்லெறிந்ததாக அங்கே இல்லை. உடைகளைக் காத்து நின்றார். பல ஆண்டுகளுக்குப் பின் எருசலேமில் தம் கதையைக் கூறும்போது, கேட்கும் எவரும் வற்புறுத்தாமலே, அந்தக் கொலைக்குத் தாம் உடன்பட்டு அங்கே நின்றதை அவர் சொல்கிறார்.

அன்பர் நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, அதைப் பவுல் சொன்ன நேரத்தில் ஸ்தேவானின் தாய் உயிரோடு இருந்தாரா என்று கேட்டார். விவிலியத்தில் அதற்கு விடையில்லை என்றோம். பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்து, 'கொரில்லா'வை இன்னொரு முறை வாசிக்க வேண்டுமென்று கேட்டு வாங்கிச் சென்றார்.