கொடியும் மரமும் குடிப்பெயரும்

இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில், ஓய்மா நாட்டுத் தலைவனாகிய நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணர்கள் எயிற்பட்டினத்துக் கடற்கரையை அடையும்பொழுது, தாழையும் செருந்தியும் முண்டகமும் புன்னையும் பூத்து அவர்களை எதிர்கொள்கின்றன. அந்த எயிற்பட்டினமே இன்று உப்பளங்களுக்குப் பேர்போன மரக்காணம் என்பது அறிஞர் பலரின் முடிபாகும். அப்பாட்டைப் பாடியவரின் பெயரைச் சற்றே நோக்குவோமானால், முதலில் நாடும், அடுத்து ஊரும், கடைசியில் அவருடைய இயற்பெயரும் நிற்பதையும், வம்சத்தைக் குறிக்கும் பெயர் எதுவும் அதில் இல்லாமையையும் காண்கிறோம். உலகத்தின் பல சமூகங்கள் மரத்தையும் மலரையும் தங்கள் குடும்பப் பெயராக்கிக்கொண்டிருக்க, குறிஞ்சிப்பாட்டு ஒன்றிலேயே தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கிச் சொன்ன தமிழ்ச் சமூகம் அவற்றின் பெயர்களை எங்கே வைத்தது என்பது ஆராய்தற்குரிய விஷயமாகும்.

தாவரம் குடும்பப் பெயராவதற்குரிய வழிகளுள் மிகவும் இயல்பானது, மரத்தருகே வாழ்ந்தவனை அம்மரத்தைக் கொண்டே அழைப்பதாகும். ஆங்கில நாட்டில் ஆஷ் மரத்தின் அருகே குடியிருந்தவர்களின் சந்ததியார் நாஷ் எனப்பட்டனர். போர்த்துக்கீசியருள் பேரி மரம் பெரைராவையும், ஒலிவ மரம் ஒலிவேராவையும், ஓக் மரம் கர்வாலோவையும் அளித்தன. ஜப்பானில் 1875-ஆம் ஆண்டின் அரசாணையினால் குடும்பப் பெயர் எல்லோர்க்கும் கட்டாயமாயிற்று. பைன் மரத்தின் அடி எனப் பொருள்படும் மட்ஸுமொட்டோ அங்கே பெருவழக்காக உள்ள பெயர்களுள் ஒன்று. நம் அண்டை வீட்டாராகிய தெலுங்கரிடத்தும் இம்முறையே நிலவுகிறது; தாடேபல்லி என்னும் வீட்டுப்பெயரில் பனையும் சிந்தலபாடியில் புளியும் மாமிடிபூடியில் மாவும் உள்ளன.

இரண்டாவது வழி, மனிதன் தானே விரும்பித் தேர்ந்துகொள்வது. ஸ்வீடனில் இங்கேமாரின் மகனாதலால் இங்கேமார்ஸன் என்று வழங்கப்பட்ட நில்ஸ் என்பவர், சர்வகலாசாலையில் சேருங்கால் குடும்பப் பெயர் ஒன்று வேண்டியிருந்தமையால், தம் பூர்விக நிலத்தில் ஓங்கி நின்ற லிண்டன் மரத்தை நினைந்து லின்னேயஸ் என்னும் பெயரைத் தரித்தார். அவருடைய உறவினர்களும் அதே விருட்சத்திலிருந்து லிண்டேலியஸ், டிலியாண்டர் என்னும் பெயர்களை அமைத்துக்கொண்டனர். 1707-இல் பிறந்த அவர் மகன் கார்ல் லின்னேயஸே 1753-இல் வெளியிட்ட நூலின் வாயிலாக உலகத்துத் தாவரங்களுக்கெல்லாம் இருசொற் பெயர் வழங்கும் முறையை நிலைநாட்டினார். ஒரு மரத்தினிடம் பெயர் பெற்ற குடும்பம், உலகின் மரங்கள் அனைத்துக்கும் பெயர் ஈந்து அக்கடனைத் தீர்த்தது என்றே கூறத் தோன்றுகிறது.

மூன்றாவது வழி இவற்றினும் ஆழமானது. அது தாவரத்தை உறவாகக் கொள்வது. சோட்டாநாகபுரிப் பீடபூமியில் வாழும் ஒராவோன் மக்கள் பேசும் குடுக் மொழி நம் திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அவர்களுள் கெஸ் என்னும் குலத்தார்க்கு நெல்லும், குஜூர் குலத்தார்க்கு ஒரு கொடியும், பாரா குலத்தார்க்கு ஆலமரமும் குலச்சின்னங்கள். பேக் என்னும் குலத்தார்க்கோ உப்பே குலச்சின்னம் என்பது உப்பு விளையும் கரையிலிருந்து நோக்குவார்க்கு விசேஷ மகிழ்ச்சி தருவதாகும். குலச்சின்னமான பொருளுக்குத் தீங்கு இழைக்கலாகாது என்பது அவர்களுடைய சம்பிரதாயம். 1915-இல் சரத் சந்திர ராய் எழுதிய ஒராவோன் மக்களைப் பற்றிய நூல் இவ்வழக்கங்களை விரிவாகப் பதிவு செய்துள்ளது. இங்கே பெயர் வெறும் அடையாளமாக நில்லாது, மனிதனைத் தாவரத்துக்குக் கடமைப்பட்டவனாகவும் ஆக்குகிறது.

தமிழகத்திலும் இத்தகைய உறவின் சாயல் இல்லாமற் போகவில்லை. சேரர்க்குப் பனம்பூவும் சோழர்க்கு ஆத்தியும் பாண்டியர்க்கு வேம்பும் குடிப்பூக்களாயின. எனினும் அவை மாலையாக மார்பில் விளங்கினவேயன்றிப் பெயராக நிலைக்கவில்லை. இதற்குப் பெருவிலக்காக நிற்பது, மரக்காணத்தையும் உள்ளடக்கிய இவ்வட பிரதேசத்துக்கே தொண்டை நாடு எனப் பெயர் தந்த தொண்டையாகும். சோழ மன்னனுக்கும் நாககன்னிகைக்கும் பிறந்த குழந்தை, தொண்டைக் கொடியை அடையாளமாகப் பூண்டு கடல்வழியே வந்து, அலையால் கரை சேர்ந்தமையால் திரையன் எனப்பட்டதென்னும் கதையை நச்சினார்க்கினியர் பெரும்பாணாற்றுப்படை உரையிற் குறிக்கிறார். அக்கொடியை ஆதொண்டை என்பர் பலர். கோவை என்பாரும் உளர். தொண்டையினின்று பிறந்த தொண்டைமான் என்னும் பெயர் பிற்காலத்தில் புதுக்கோட்டை அரச வம்சத்தாரின் பட்டப்பெயராயிற்று. இலங்கையின் மலையகத் தொழிலாளரின் தலைவராக விளங்கிய சௌமியமூர்த்தி தொண்டைமானின் பெயரிலும் அது நின்றது. மன்னரிலிருந்து தோட்டத் தொழிலாளரின் தலைவர்வரை ஒரு கொடியின் பெயர் பரவியிருப்பது நம் சரித்திரத்தின் அரிய செய்திகளுள் ஒன்று.

ஏனைய தாவரங்களைத் தமிழர் குடும்பங்களிடம் ஒப்படைக்காமல் நிலத்தினிடமே ஒப்படைத்தனர். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்னும் நிலப்பெயர்கள் யாவும் தாவரப் பெயர்களேயன்றோ? ஊர்களும் அவ்வாறே. மரக்காணத்திலிருந்து மேற்கே செல்லும் சாலை சேரும் திண்டிவனத்தின் பெயரில், திந்திரிணி என்னும் வடசொல்லால் குறிக்கப்பெறும் புளியமரக் காடு இருக்கிறது. கடலூரையடுத்த தாழங்குடாவில் தாழையும், தென்கடற்கரையின் புன்னைக்காயலில் புன்னையும் நிற்கின்றன. ஊர்ப்பெயரைத் தன் பெயருக்கு முன்னே சூடிக்கொள்ளும் வழக்கத்தால் அவ்வூர்களில் பிறந்த ஒவ்வொருவரும் அம்மரங்களைத் தம் பெயரோடு சுமந்தனர். காந்தியடிகளின் தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் சிறை சென்று, 1914-இல் பதினாறே வயதில் உயிர்நீத்த வள்ளியம்மை, ஜோஹானஸ்பர்க்கில் பிறந்தவராயினும், குடும்பத்தின் பூர்விக ஊரைக் கொண்டு தில்லையாடி வள்ளியம்மை என்றே தமிழுலகில் போற்றப்படுகிறார். ஊர்ப்பெயரில் உப்பங்கழித் தில்லை மரமும், சொந்தப் பெயரில் வள்ளிக்கொடியும் அவருக்கு வாய்த்தன.

அயலார் வருகை இவ்வழக்கத்துக்குப் பக்கத்தில் வேறொரு முறையையும் கொணர்ந்தது. பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைப் பரதவர் கத்தோலிக்க சமயத்தைத் தழுவியபொழுது போர்த்துக்கீசியப் பெயர்களை ஏற்றனர். அதனால் பேரி மரமே காணாத பனைநாட்டில் பெரைராக்கள் தோன்றினர். மரக்காணத்துக்கு அண்மையிலுள்ள புதுச்சேரியில் 1881-ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆணை, தங்கள் சமுதாய வழக்குச் சட்டத்தைத் துறக்க முன்வந்தவர்களைக் குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் செய்தது. இதற்கு நேர்மாறாக, 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் களையும்படி வற்புறுத்தியது. அதன்பின் பலரிடத்தும் எஞ்சியவை தந்தையின் பெயரும் ஊரின் பெயருமே. அவையும் நாளடைவில் ஓரெழுத்தாகக் குறுகின.

குடும்பப் பெயர் இரத்த வழியே இறங்குவது. அதற்கு வாரிசுகள் சிலரே. ஊர்ப்பெயரோ மண்ணின் வழியே இறங்குவது. உப்பு வாருபவரும் வலை வீசுபவரும் நேற்றுக் குடியேறியவரும் அதற்குச் சமமான வாரிசுகள். தமிழர் தாவரங்களின் பெயரை நிலத்தில் வைத்ததன் பெருமை இதுவே. ஆயினும் பொதுவுடைமைக்குரிய அபாயமும் இதில் உண்டு. எல்லோர்க்கும் உரியதைக் காப்பது தன் கடமையென ஒருவரும் எண்ணாதொழிவர். மரக்காணத்தையடுத்த கழுவெளியில் 5,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நீர்நிலப் பரப்பு 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது நற்காரியம். அதனோடு அமையாது, பள்ளிப் பிள்ளைகள் தம் முதலெழுத்தில் ஒடுங்கிய ஊர்ப்பெயரை விரித்தெழுதவும், அதில் ஒரு தாவரம் இருக்குமாயின் அதனை அவ்வூரிலேயே நட்டு வளர்க்கவும் பழக்குவோமாக. ஒராவோன் குலத்தார் தம் சின்னத்துக்குச் செலுத்தும் மரியாதையை நாம் நம் ஊர்மரத்துக்குச் செலுத்தும் அன்றுதான், தாவரத்தின் பெயரைத் தாங்குவதற்கு முழு உரிமை உடையவர்கள் ஆவோம்.