பழுது பார்த்தல் என்றொரு வேலை

தமிழில் 'ரிப்பேர்' என்ற சொல்லுக்கு விசித்திரமான வாழ்க்கை ஒன்று அமைந்துவிட்டது. "கம்ப்யூட்டர் ரிப்பேர்" என்றால் கெட்டுப்போச்சு என்று அர்த்தம். "கம்ப்யூட்டரை ரிப்பேர் பண்ணியாச்சு" என்றால் சரியாகிவிட்டது என்று அர்த்தம். நோய்க்கும் மருந்துக்கும் ஒரே பேர். சொல் ஆங்கிலத்திலிருந்து வந்தது, அதற்கு இந்த இரட்டை வாழ்க்கையைக் கொடுத்தது நாம்தான். நம்முடைய பழைய சொல் இன்னும் நுட்பமானது: பழுது பார்த்தல். வைத்தியம் பார்க்கிறோம், பிரசவம் பார்க்கிறோம், பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறோம். அந்த வரிசையில் பழுதையும் பார்க்கிறோம். கை வேலைக்கு முன்னால் கண் வேலை ஒன்று இருக்கிறது என்று அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது.

ஜூலியன் ஓர் எழுதி 1996-ல் வெளிவந்த 'டாக்கிங் அபௌட் மெஷின்ஸ்' என்ற புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது இந்தச் சொல்தான் திரும்பத் திரும்ப மனதில் வந்தது. ஓர் ஒரு மானுடவியலாளர். மானுடவியலாளர்கள் வழக்கமாகக் காட்டுக்கும் தீவுக்கும் போவார்கள் என்று நினைக்கிறோம். இவர் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தபடி, அதே கம்பெனியின் சர்வீஸ் ஆட்கள் பின்னாலேயே போனார். அவர்களோடு காரில் ஏறினார், சாப்பிட்டார், அவர்கள் மெஷினைப் பிரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேச்சைப் பதிவு செய்தார். அந்தக் காலத்துப் பெரிய நகலெடுக்கும் இயந்திரங்களுக்குள் சின்னக் கம்ப்யூட்டர் இருந்தது. தனக்கு என்ன நோவு என்று எண்களில் சொல்லும். அந்த எண் சொல்வதை நம்பலாமா, கூடாதா என்பதுதான் அந்த ஆட்களின் அன்றாடக் கவலை.

பழைய மின்னணுச் சாதனங்களை எதையாவது செய்து ஓடவைப்பது பற்றி இன்று நிறைய எழுதப்படுகிறது. அதில் பெரும்பகுதி எனக்கு அலுப்பாக இருக்கிறது. ஏன் அலுப்பு என்று யோசித்ததன் விளைவே இந்தக் கட்டுரை.

*

இந்த எழுத்துகளில் இரண்டு வகை இருக்கிறது. முதல் வகை, தந்திரப் பட்டியல். ரேம் வேலை செய்யலையா, பென்சில் அழிக்கும் ரப்பரால் அதன் பொன்னிறப் பற்களைத் தேய். தேதி தப்பாகக் காட்டுதா, போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பேட்டரியை மாற்று. பிரிண்டர் ரிப்பன் மங்கிடுச்சா, மை விட்டுச் சுற்று. எல்லாம் உண்மைதான், உபயோகமானதுதான். ஆனால் படித்து முடித்ததும் ஒரு மனிதரும் நினைவில் நிற்பதில்லை.

இரண்டாவது வகை, வீரகதை. சமீபத்தில் இதற்குக் கிடைத்த பெரிய நாயகன் வாயேஜர் 1. 1977-ல் ஏவப்பட்ட விண்கலம் 2023 நவம்பரில் உளற ஆரம்பித்தது. சிக்னல் வருகிறது, அதில் அர்த்தம் இல்லை. 2024 ஏப்ரலில் மறுபடி புரிகிற மாதிரி பேசத் தொடங்கியது. சுமார் 2,400 கோடி கிலோமீட்டர் தூரத்திலிருக்கும் கம்ப்யூட்டருக்கு மனிதர்கள் ஒட்டுப்போட்டார்கள்! கெட்டுப்போன சிப்பில் இருந்த நிரலைத் துண்டு துண்டாக வெட்டி, நினைவகத்தில் எங்கெங்கே இடம் இருக்கிறதோ அங்கங்கே செருகினார்கள். நம் வீடுகளில் விருந்தாளி வந்தால் படுக்கை விரிப்பதைப் போல, ஒருத்தர் ஹாலில், ஒருத்தர் சமையற்கட்டு வாசலில்.

செய்திகளில் இந்தச் செருகல்தான் கொண்டாடப்பட்டது. கால அட்டவணையைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். நவம்பர் நடுவில் கோளாறு. மார்ச் முதல் தேதி ஒரு கட்டளை அனுப்பி விண்கலத்தை லேசாகச் சீண்டிப் பார்த்தார்கள். போக இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர அதே நேரம். வந்த பதிலுக்குள் நினைவகத்தின் முழுப் பிரதியும் இருந்தது. அதைப் பழைய பிரதியோடு வைத்து ஒப்பிட்டபோது, சுமார் 3 சதவீதம் கெட்டிருப்பது தெரிந்தது. காரணம் ஒரே ஒரு சிப். ஏப்ரல் 18 அன்று முதல் திருத்தம் போனது. இருபதாம் தேதி பதில் வந்துவிட்டது. ஆக, ஐந்து மாதத்தில் பெரும்பகுதி பார்ப்பதற்கே போனது. பல பத்தாண்டுகளுக்கு முன்னால் வேறு யாரோ எழுதிவைத்த ஆவணங்களைப் புரட்டி, அவர்கள் எதிர்பார்க்காத ஒரு பழுதை அவற்றின் வழியாகத் தேடியிருக்கிறார்கள். வீரகதைக்கு இந்த மாதங்கள் தேவைப்படுவதில்லை. எனக்கு அந்த மாதங்கள்தான் கதை.

*

ஓரின் புத்தகம் முழுக்க அந்த மாதங்களைப் பற்றியது என்று சொல்லலாம். அதில் பலரும் எடுத்துப் பேசும் ஒரு கட்டம் உண்டு. மெஷின் ஒரு பிழை எண்ணைக் காட்டுகிறது. கம்பெனிக் கையேடு அந்த எண்ணுக்கு ஒரு வழி சொல்கிறது. அந்த வழியில் போனால் மெஷின் சரியாகவில்லை. சர்வீஸ்காரர் தன்னைவிட அனுபவம் கூடிய நிபுணரைக் கூப்பிடுகிறார். அவருக்கும் தெரியவில்லை. மெஷினையே மாற்றிக் கொடுத்துவிடலாம், ஆனால் வாடிக்கையாளர் முன்னால் மானம் போகும். இருவரும் என்ன செய்கிறார்கள்? கதை சொல்கிறார்கள். "அன்னைக்கு அந்த ஆபீஸ்ல இதே மாதிரி ஒண்ணு..." என்று ஒருவர் ஆரம்பிக்கிறார். "இல்ல, அது வேற, ஆனா எனக்கு ஒண்ணு வந்தது..." என்று மற்றவர். நடுநடுவே மெஷினை ஓட்டிப் பார்க்கிறார்கள். மணிக்கணக்கில் இப்படிப் போய், பழைய கதைகளின் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தி, இந்த மெஷினின் கதை கிடைக்கிறது. பழுதும் அகப்படுகிறது.

கம்பெனி இந்தப் பேச்சை வேலை என்று கணக்கில் எடுக்கவில்லை. கையேடு இருக்கிறது, அதன்படி செய்தால் போதும், அரட்டை எதற்கு என்பது மேலிடத்துப் பார்வை. அரட்டைதான் வேலை என்பது ஓரின் வாதம். ஒரு சமூகத்தின் வாய்மொழிக் கதைகளைக் கேட்கும் அதே மரியாதையோடு இந்தச் சர்வீஸ் ஆட்களின் கதைகளையும் அவர் கேட்கிறார். புத்தகத்தின் அழகு அங்கே இருக்கிறது. அவருடைய உரைநடையில் சிறப்பு ஏதும் இல்லை, பல பக்கங்கள் ஆய்வேட்டுத்தனமாக வறண்டு கிடக்கின்றன. ஆனால் காது கூர்மை. இன்னொன்றையும் கவனிக்கிறார்: இவர்கள் மெஷினை மட்டும் சரிசெய்வதில்லை, அதைக் கெடுக்கிற மாதிரி உபயோகிக்கும் ஆபீஸ்காரரையும் பக்குவமாகச் சரிசெய்கிறார்கள்.

பின்னாளில் ஜெராக்ஸ், சர்வீஸ் ஆட்களே குறிப்புகளை எழுதிப் பகிரும் 'யுரேகா' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. குறிப்போடு எழுதியவரின் பேரும் சேர்ந்து போனது. கதை சொன்னவனுக்குப் பேர் கிடைத்தது என்பது சின்ன விஷயம் இல்லை.

*

இதற்கு நேர்எதிரான புத்தகம் ஒன்று நம் நாட்டை வைத்தே எழுதப்பட்டது. 2012-ல் வந்த 'ஜுகாட் இன்னவேஷன்'. கையில் கிடைத்ததை வைத்துச் சமாளிக்கும் இந்தியத் திறமையைப் பெரிய கம்பெனிகள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்லும் மேலாண்மைப் புத்தகம். அதில் இல்லாமை ஒரு பயிற்சிக்கூடம் மாதிரி தெரிகிறது. சமாளிப்பவர் எப்போதும் சிரித்த முகமாகவே இருக்கிறார்.

தமிழில் இதற்கு நம்மிடம் இருக்கும் சொல் 'ஒப்பேத்துறது'. அதை உச்சரித்துப் பாருங்கள். "எப்படியோ ஒப்பேத்திட்டோம்" என்பதில் கொஞ்சம் பெருமை, கொஞ்சம் வெட்கம், நிறைய சோர்வு. இன்னைக்குத் தப்பிச்சாச்சு, நாளைக்குத் தெரியலை என்ற பயமும் சேர்ந்திருக்கிறது. எனக்கு 'ஜுகாட்'டைவிட இது நேர்மையான சொல்லாகப் படுகிறது. ஒப்பேத்தியவருக்குத் தான் ஒப்பேத்தியது தெரியும். அவர் அதைக் கண்டுபிடிப்பு என்று சொல்லமாட்டார்.

2005-ல் வெளிவந்த எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக் கருவியை எடுத்துக்கொள்வோம். நிறைய பேர் வீட்டில் அது சிவப்பு விளக்கு காட்டிச் செத்தது. அப்போது இணையத்தில் பரவிய வைத்தியம், கருவியைத் துண்டால் சுற்றி ஓடவிடு என்பது. சூடு ஏறி உள்ளே விட்டுப்போன தொடர்பு மறுபடி ஒட்டிக்கொள்ளும். கிராபிக்ஸ் கார்டை அடுப்பில் வைத்துச் சுட்டவர்களும் உண்டு. சில நேரம் உயிர் வந்தது. சில நாளில், சில வாரத்தில் போய்விட்டது. தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. துண்டு சுற்றிய கதைகள் இன்றும் சிரிப்போடு சொல்லப்படுகின்றன. ஆனால் அந்தப் பழுதுக்கு உண்மையான பதில் 2007 ஜூலையில்தான் வந்தது. மைக்ரோசாஃப்ட் நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கி, உத்தரவாதத்தை மூன்று வருடமாக நீட்டியது. ஒப்பேத்துறதை மட்டும் ரசித்துக்கொண்டிருந்தால், பதில் சொல்லவேண்டியவரை நாம் கேட்கவே மறந்துவிடுவோம்.

*

சென்னை ரிச்சி தெருவிலும் அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவிலும் நான் கொஞ்சம் நேரம் செலவழித்திருக்கிறேன். ஓரைப் படித்துவிட்டு அங்கே போனால், அவர் சொல்லாமல் விட்டது என்ன என்று புரியும்.

மாடியில் ஒரு சின்னக் கடை. டெஸ்க்டாப் ஒன்றைக் கொண்டுவந்தார் ஒரு பெரியவர். ஆன் செய்தால் பீப் சத்தம் மட்டும். மெக்கானிக் அண்ணன் அந்தச் சத்தத்தை இரண்டு தடவை கேட்டார், மூடியைக் கழற்றினார், ரேமை உருவி ரப்பரால் தேய்த்து மறுபடி செருகினார். திரை வந்துவிட்டது. மொத்தம் ஐந்து நிமிடம் இருக்கும். முந்நூறு ரூபாய் கேட்டார். "ரப்பரால தேய்ச்சதுக்கு முந்நூறாப்பா?" என்று பெரியவர் சண்டைக்கு வந்துவிட்டார். நூறு ரூபாயில் முடிந்தது.

அவர் போனபிறகு அண்ணன் அலமாரியைக் காட்டினார். நாலைந்து மெஷின்கள், பேர் எழுதி ஒட்டிய சீட்டோடு. "இதுல பாதி சரியாகி ரெண்டு நாளாச்சு தம்பி. இன்னைக்கே குடுத்தா சண்டை. ரெண்டு நாள் வச்சிருந்து, போர்டு சர்வீஸ் பண்ணியிருக்குன்னு சொல்லிக் குடுத்தா பேசாம காசு குடுப்பாங்க."

இதை ஏமாற்று வேலை என்று சொல்லிவிடுவது சுலபம். அந்தப் பீப் சத்தத்தைப் படிக்கக் கற்ற வருடங்களுக்கு நம்மிடம் விலை கிடையாது. மாற்றிய பாகத்துக்குக் கொடுப்போம், எடுத்துக்கொண்ட நாளுக்குக் கொடுப்போம். பார்த்ததற்குக் கொடுக்கமாட்டோம். அதனால் அவர் பார்த்ததை மறைத்து, பொய்யாக ஒரு நாளையும் ஒரு பாகத்தையும் விற்கவேண்டியிருக்கிறது.

ஓரின் ஆட்களுக்கு இந்த நிலைமை இல்லை. மாதச் சம்பளம், பாகங்கள், கையேடு, அவரவருக்கென்று ஒதுக்கிய பகுதி எல்லாம் இருந்தன. கதை சொல்வதால் யாருக்கும் நஷ்டமில்லை. ரிச்சி தெருவில் கதைதான் பிழைப்பு. பக்கத்துக் கடைக்காரருக்குச் சொன்னால் நாளைக்கு அவரிடம் போய்விடுவார்கள். இருந்தும் பேச்சு நிற்பதில்லை. டீக்கடையில், வாட்சப்பில், "அண்ணே, இந்த மாடல்ல ஷார்ட் எங்க இருக்கும்?" என்று கேட்டால் யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். தமிழக அரசு 2011-ல் கொடுக்க ஆரம்பித்த விலையில்லா மடிக்கணினிகள் இதற்கு நல்ல உதாரணம். ஒரே மாதிரி மெஷின் ஊருக்கு ஊர் இருந்ததால், அதன் நோவுகளும் எல்லோருக்கும் பொதுவாகின. பேட்டரி செத்தபிறகு சார்ஜரிலேயே ஓட்டுவது, போன கீபோர்டுக்குப் பதிலாக வெளியிலிருந்து ஒன்றைச் செருகுவது, உடைந்த கீலுக்குப் பசை என்று ஒரு தலைமுறையே அதில் ஒப்பேத்தக் கற்றது. உங்களில் சிலர் உங்கள் முதல் கவிதையை அப்படி ஒரு மெஷினில்தான் அடித்திருப்பீர்கள்.

போட்டிக்கு நடுவில் நிகழும் இந்தப் பகிர்வை எழுத ஓரிடம் கருவிகள் இல்லை. அது அவர் குற்றமும் இல்லை, அவர் போன களம் வேறு. ஆனால் அவரை மேற்கோள் காட்டி நம் தெருக்களைப் பற்றி எழுதுகிறவர்கள், அங்கே இருந்த சம்பளத்தை மறந்துவிட்டுக் கதையை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அதில் எனக்குச் சண்டை உண்டு.

இப்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. பாகங்களைப் பசை வைத்து ஒட்டுகிறார்கள், ரேமைப் போர்டிலேயே பற்றவைக்கிறார்கள், வேறு பாகம் போட்டால் மென்பொருள் ஏற்க மறுக்கிறது. தேய்ப்பதற்குக்கூட உருவ முடியாத ரேம் அது. தன்னைப் பார்க்கவே விடாத மெஷின். பழுது பார்க்கும் உரிமைக்காக இந்திய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையதளம் தொடங்கியது. கையேடும் பாக விவரமும் ஓர் இடத்தில் கிடைக்கவேண்டும் என்பது நோக்கம். தேவையானதுதான். ஆனால் கையேடு மட்டும் போதாது என்பதை ஓர் முன்பே எழுதிவிட்டார். கையேட்டுக்கும் மெஷினுக்கும் நடுவில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

அந்த ஆளைத்தான் நான் நம் எழுத்தில் தேடுகிறேன். சினிமாவில் மெக்கானிக் வருவார், ஒரு தட்டுத் தட்டுவார், வண்டி ஓடும். பட்டியல்களில் ரப்பர் இருக்கும், தேய்த்த கை இருக்காது. சும்மா உட்கார்ந்து, ஒரு கெட்டுப்போன பொருளை முறைத்துப் பார்த்துக்கொண்டு, எப்போதோ கேட்ட ஒரு கதையை நினைவில் துழாவும் அந்த அரைமணி நேரத்தை யாராவது எழுதவேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் அது சோம்பல் மாதிரிதான் தெரியும்.

பெரிய சர்வீஸ் சென்டர்களில் கவுன்டருக்கு மேலே 'செக்கிங் சார்ஜ்' என்று ஒரு தொகையை எழுதி வைத்திருப்பார்கள். சரியானாலும் ஆகாவிட்டாலும் அதைக் கொடுத்தாகவேண்டும். பலருக்கும் அதைப் பார்த்தால் எரிச்சல் வரும். பழுதைப் பார்ப்பதற்கு நம் ஊரில் வெளிப்படையாக எழுதிவைத்த கூலி எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். மாடியில் இருக்கும் சின்னக் கடைகளில் அந்தப் பலகையை மாட்டும் தைரியம் இன்னும் யாருக்கும் வரவில்லை.